மாவு பிசையுறவ அழுத்தின நெஞ்சு

மார்ச் 4

சின்னவனே,

இந்தக் காகிதத்தைப் பாத்ததும் அக்கா இறங்கி வந்துட்டான்னு நினைச்சுக்காதே. ஒரு சந்தேகம் கேக்கணும், அவ்வளவுதான். போன்லயே கேக்கலாம். ஆனா நீ "ம், சொல்லு"ன்னு இழுக்குற விதத்துலயே எனக்குச் சுர்ருன்னு ஏறிடும். காகிதம்னா நீ பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேக்காது. மூணாங்கிளாஸோட நின்னவ எழுத்து, கோணலாத்தான் இருக்கும். கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் படி.

எங்க பேக்கரியில ஒரு வகுப்பு நடக்குது. எப்படி வந்துச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி அடுப்புக்காரரு கதையைச் சொல்லணும், இல்லன்னா உனக்கு விளங்காது. போன மழைக்காலத்துல அவரு சூட்டுத் தட்டை இழுக்கும்போது கை பூரா பொசுங்கிப் போச்சு. எல்லாரும் ஓடினோம். என்கூடப் பிசையுற நெட்டச்சி, பச்சை மாவை அள்ளி அப்படியே அவரு கையில அப்பிட்டா. இங்க யாருக்குச் சுட்டாலும் அதுதான் பழக்கம். அது கீழ விழாம இருக்கட்டும்னு நான் மேல காஞ்ச மாவைத் தூவினேன். ரெண்டு பேரும் சேந்து கை நிறைய வேலை பாத்திருக்கோம். ஆஸ்பத்திரியில டாக்டர் பாத்துட்டு, "இவரை அடுப்புல வைக்கிறதுக்கு ரெடி பண்ணது யாரு?"ன்னு கேட்டாராம். அதைச் சுரண்டி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆச்சாம். அந்த மனுஷன் கத்தின கத்தலுக்கு நாங்கதான் காரணம்னு இப்பத்தான் புரியுது. ஓடுற தண்ணியில இருபது நிமிஷம் காட்டியிருந்தா போதுமாம்.

அது மேலிடத்துக்குப் போயி, ஒவ்வொரு ஷிப்டுக்கும் முதலுதவி தெரிஞ்ச ஒரு ஆள் இருக்கணும், கையில பச்சைப் பட்டை கட்டியிருக்கணும்னு உத்தரவு வந்துச்சு. சனிக்கிழமை மதியம் ஷிப்டு முடிஞ்சு பேக்கிங் ரூம்ல வகுப்பு. பன்னெண்டு பேரு சேந்திருக்கோம். சொல்லிக் குடுக்கிறது முன்னாடி நர்ஸா இருந்த ஒரு அம்மா. காத்தடிச்சா பறந்துடுவாங்க போல இருக்கும், குரல் மட்டும் மாவு மிஷினை அடக்கிடும். ஒரு ரப்பர் பொம்மை கொண்டாந்திருக்காங்க. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் கிடையாது. அதுக்கு நாங்க மாப்பிள்ளைன்னு பேரு வச்சிருக்கோம். மல்லாந்து கிடக்கும், எல்லாரும் மண்டி போட்டுப் பணிவிடை பண்ணணும், வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது.

இப்ப என் பிரச்சினைக்கு வரேன். மூச்சு நின்னு போனவங்களுக்கு நெஞ்சு நடுவுல கையை வச்சு அழுத்துறது, உனக்குத் தெரியாததில்ல. எனக்கு அழுத்த வருது. உள்ளங்கை அடிப்பக்கத்தால அழுத்துறதுதானே இருபத்திரண்டு வருஷமா என் பொழைப்பு. ஆனா மாவு எப்படிப் பிசைவேன்? அழுத்துவேன், மடிப்பேன், கால்வாசி திருப்புவேன். கைக்கு அது ஊறிப்போச்சு. மாப்பிள்ளையைப் பத்து அழுத்து அழுத்தினா கை தானா ஒரு திருப்புத் திருப்பிடுது. முப்பது எண்ணி முடிக்கும்போது ஜன்னல் பக்கம் இருந்த அவன் தலை வாசல் பக்கம் இருக்கு. அந்தம்மா பாத்துட்டு, "அம்மா, இவரை எங்க கூட்டிட்டுப் போறீங்க?"ன்னாங்க. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரல.

ஏப்ரல் கடைசியில பரீட்சை. எழுதத் தெரியாதவங்க வாயால சொல்லலாம், கையால செஞ்சு காட்டலாம். எங்க ஷிப்டுக்கு ஒரே ஒரு பட்டைதான். எனக்கு அது வேணும். எனக்கு வேணும்னு வாயைத் திறந்து நான் எத்தனை தடவை கேட்டிருக்கேன், நீயே சொல்லு.

நீ ஆம்புலன்ஸ்ல பின்னாடி உக்காந்து போறவன். தினம் அழுத்துறே. கை ஒரே இடத்துல நிக்க என்ன பண்ணுவே? அதை மட்டும் எழுது. மத்ததெல்லாம் வேண்டாம்.

அக்கா
(உன் மாமியார் வீட்டுல சொல்லி வச்சிருக்கிற சூப்பர்வைசர் இல்ல. மாவு பிசையுறவ.)


மார்ச் 13

அக்கா,

லெட்டர் கிடைச்சுது. பிரிச்ச உடனே சட்டை மேல மாவு கொட்டிச்சு.

கேட்டதுக்குப் பதில். ஒரு கை மேல இன்னொரு கையை வச்சு விரலை நல்லாக் கோத்துக்கோ. கோத்த கை திருப்பாது. முழங்கை மடங்கக் கூடாது. உன் தோளு அவங்க நெஞ்சுக்கு நேர் மேல இருக்கணும். பலம் கையிலேர்ந்து வரக் கூடாது, இடுப்புக்கு மேல இருக்கிற மொத்த உடம்பும் இறங்கணும். ரெண்டு அங்குலம் இறங்கணும், நிமிஷத்துக்கு நூறுலேர்ந்து நூத்தி இருபது. வாய்விட்டு எண்ணு.

இன்னொண்ணு. மாவுல நீ சாஞ்சுக்கிட்டே நிப்பே, நான் பாத்திருக்கேன். இங்க சாயக் கூடாது. ஒவ்வொரு அழுத்துக்கும் நெஞ்சு முழுசா மேல வரணும். அப்பத்தான் உள்ள ரத்தம் ரொம்பும். தலைகாணியில பழகு.

கோபப்படாம கேளு. பொம்மை வேற, ஆள் வேற. மூணு வருஷம் ஆச்சு, எனக்கே இன்னும் சில நாளு எண்ணிக்கை தப்பிடும். சும்மா ஒரு பச்சைப் பட்டைக்கு ஆசைப்பட்டு இதுல தலையைக் குடுக்காதே.

அந்தக் கடைசி வரி தேவையில்லாதது. ஒன்றரை வருஷம் ஆச்சு.

தம்பி


மார்ச் 22

சின்னவனே,

சும்மா ஒரு பச்சைப் பட்டையா? சரிடா. முதுகுல ஆம்புலன்ஸ்னு எழுதின சட்டையை முத நாள் போட்டுக்கிட்டு வந்தப்ப, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்னு கழுத்து சுளுக்குற அளவுக்குத் திரும்பித் திரும்பிப் பாத்தது யாரு? நான் அப்ப ஒரு வார்த்தை சொன்னேனா?

கடைசி வரியைப் பத்திப் பேசணும்னா பேசுவோம். உன் கல்யாணத்துல நான் பந்தியில உக்காந்திருக்கேன். உன் மாமியார், நல்ல மனுஷிதான், குத்தம் சொல்ல மாட்டேன், பக்கத்துல வந்து, "பேக்கரியில சூப்பர்வைசராமே, உங்களுக்குக் கீழ எத்தனை பேரு?"ன்னு கேக்குறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. நான் என்ன பொய்யா சொல்ல முடியும்? "எனக்குக் கீழ தினம் எண்பது கிலோ மாவு இருக்கு, ஒருநாளும் எதுத்துப் பேசினதில்ல"ன்னேன். மண்டபமே சிரிச்சுச்சு. அதுக்கு நீ என்னை மண்டபத்துக்குப் பின்னாடி பாத்திரம் கழுவுற இடத்துக்கு இழுத்துட்டுப் போயி, "ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?"ன்னு கேட்டே. நான் கை கூடக் கழுவாம பஸ் ஏறினேன். சாப்பாடு நல்லா இருந்துச்சு, அதுவும் பாதியில போச்சு.

போகட்டும். நீ சொன்ன மாதிரி விரலைக் கோத்துக்கிட்டேன். முதல்ல என்னவோ கட்டிப்போட்ட மாதிரி இருந்துச்சு. சாயங்காலம் தலைகாணியைத் தரையில போட்டு வாய்விட்டு எண்ணிப் பழகுறேன். நாலாவது நாளு பக்கத்து வீட்டுத் தையல்காரர் சுவத்தைத் தட்டினாரு. சத்தம் போடாதேன்னு சொல்லப் போறாருன்னு பாத்தா, "அம்மா, இருபத்தேழை ரெண்டு தடவை சொல்றீங்க"ன்னாரு. மனுஷன் ஊசியை வச்சுட்டு என் கணக்கைச் சரி பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு! இப்ப நான் எண்ணலன்னா அவருக்குத் தையல் ஓடாதாம்.

போன சனிக்கிழமை அந்தம்மா ஒரு சத்தம் போட்டுக் காட்டினாங்க. தரையில போட்ட மீனு வாயைத் திறந்து திறந்து மூடுமே, அது மாதிரி, தொண்டையில ஒரு குறட்டை. நெட்டச்சி சிரிச்சுட்டா. அந்தம்மா சிரிக்கல. மறுபடியும் மறுபடியும் அதே சத்தத்தைப் போட்டாங்க. "இதைக் கேட்டுத்தான் ஜனங்க மூச்சு இருக்குன்னு நம்பிச் சும்மா நிக்கிறாங்க. இது மூச்சு இல்ல. தட்டிக் கூப்பிட்டும் எழுந்திருக்காத ஆளுகிட்ட இந்தச் சத்தம் வந்தா உடனே ஆரம்பிங்க"ன்னாங்க. அதுக்கப்புறம் யாரும் சிரிக்கல.

நேத்து முப்பதுக்கு முப்பது, மாப்பிள்ளை ஒரு இஞ்சு நகரல. அந்தம்மா முதுகுல ஒரு தட்டுத் தட்டினாங்க. உனக்குச் சொல்லணும்னு தோணிச்சு. சொல்லிட்டேன்.

அக்கா


ஏப்ரல் 1

அக்கா,

கண்ணாடிக் கதையை என் பொண்டாட்டி படிச்சுட்டா. ரெண்டு நாளா நான் சட்டை போடும்போதெல்லாம் கண்ணாடியைத் தூக்கிக்கிட்டு பின்னாடி வந்து நிக்கிறா. சந்தோஷமா உனக்கு?

நான் உன்னைப் பத்தி வெக்கப்பட்டேன்னு நீ நினைச்சுக்கிட்டு இருக்கே. என் பக்கத்தையும் கேளு. முத முதல்ல பொண்ணு வீட்டுக்குப் போனப்ப மாமா, ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர், என்னை உக்கார வச்சுக் கேள்வி கேட்டாரு. சுவரு பூரா போட்டோ, ஒவ்வொருத்தரும் பட்டம் வாங்குற போட்டோ. நம்ம வீட்டுல யாருன்னு கேட்டாரு. அக்கா மட்டும்தான்னேன். என்ன பண்றாங்கன்னாரு. பேக்கரின்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். சூப்பர்வைசர்னு அதுவா விழுந்துடுச்சு. விழுந்ததை எப்படிப் பொறுக்குறதுன்னு தெரியல. கல்யாணத்தன்னிக்கு உன்கிட்ட முன்கூட்டியே சொல்லியிருக்கணும், அந்தத் தைரியமும் இல்ல. மண்டபம் சிரிச்சப்ப நீ நிமிந்து உக்காந்திருந்தே. என்னைப் பாத்துத்தான் அத்தனை பேரும் சிரிச்சாங்க. நீ ஜெயிச்சே, நான் தோத்தேன். அன்னிக்கு என் கல்யாணம்க்கா.

நேத்து ஒரு கேசு. பஸ் ஸ்டாண்டு. நாங்க போய்ச் சேர பதினொரு நிமிஷம் ஆச்சு, முன்னாடி ஒரு லாரி குறுக்க நின்னுக்கிட்டு இருந்துச்சு. போய்ப் பாத்தா அறுபது பேரு வட்டமா நிக்கிறாங்க. நடுவுல ஆளு. ஒருத்தர் விசிறுறாரு, ஒருத்தர் வாயில தண்ணி ஊத்துறாரு, பாதிப் பேரு போன்ல படம் புடிக்கிறாங்க. ஒரு கை, ஒரே ஒரு கை, அந்த நெஞ்சு மேல இல்ல. பதினொரு நிமிஷம். நாங்க என்ன பண்ணியும் திரும்பல. என் வயசுதான் இருக்கும்.

ஏன் இதை உனக்கு எழுதுறேன்னு தெரியல. பட்டைக்குன்னு நான் சொன்னது தப்பு. நல்லாப் படி.

தம்பி


ஏப்ரல் 12

சின்னவனே,

நான் ஒரு ஆளோட விலா எலும்பை உடைச்சுட்டேன்.

புதன்கிழமை காலையில. எங்க வேன் டிரைவர் இருக்காரே, எதுக்கெடுத்தாலும் ஹாரன் அடிக்கிறதால ஹாரன்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பெரிய உடம்பு, வாய் அதை விடப் பெருசு. என்னைப் பாத்தா "என்ன மாவு மூட்டை, இன்னும் வேகலையா?"ன்னு கேக்காம வண்டி எடுக்க மாட்டாரு. அன்னிக்கு ரொட்டி ட்ரேயைத் தூக்கி வண்டியில வைக்கிறாரு, நாலாவது ட்ரேயோட அப்படியே சரிஞ்சாரு. ரொட்டியெல்லாம் உருண்டு ஓடுது. விளையாடுறாருன்னே நினைச்சோம்.

ஓடிப்போய் ரெண்டு தோளையும் தட்டினேன். "ஹாரன்! ஹாரன் அண்ணே!" அசைவில்ல. முகம் பிசைஞ்சு வச்ச பழைய மாவு மாதிரி சாம்பல் நிறம். நெட்டச்சியைப் பாத்து ஆம்புலன்சுக்குப் போன் போடுன்னேன். போட்டு ஸ்பீக்கர்ல வச்சுட்டு அவளும் குனிஞ்சா. அப்பத்தான் அந்தக் குறட்டை வந்துச்சு. ஒண்ணு. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. சுத்தி நின்னவங்க, "மூச்சு இருக்கு, மயக்கம்தான், தண்ணி கொண்டாங்க"ன்னாங்க. நெட்டச்சி என்னைப் பாத்தா. நான் அவளைப் பாத்தேன். ரெண்டு பேரு காதுலயும் அந்தம்மா போட்ட சத்தம்தான். "தண்ணி ஊத்தினா கையை ஒடிச்சிடுவேன்"னு சொல்லிட்டு மண்டி போட்டேன்.

விரலைக் கோத்தேன். எண்ணினேன். பொம்மை மாதிரி இல்லடா. நீ சொன்னது சரி. சூடா இருந்துச்சு. சட்டைப் பையில ஒரு சீப்பு இருந்துச்சு, அது என் கையில குத்திக்கிட்டே இருந்துச்சு, எடுத்துப் போடக்கூடத் தோணல. எட்டோ ஒன்பதோ எண்ணியிருப்பேன், உள்ள மொறுக்குன்னு ஒரு சத்தம். மொறுமொறுன்னு சுட்ட ரொட்டியை ஒடிக்கிற சத்தம். கை பூரா கேட்டுச்சு. கையை எடுத்துடலாம்னு வந்துச்சு. எடுக்கல. போன்ல இருந்த பொண்ணு "நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க"ன்னுக்கிட்டே இருந்தா. எனக்கு மூச்சு வாங்கினதும் நெட்டச்சி மாறினா, நான் அவளுக்கு எண்ணினேன். மறுபடி நான். இப்படியே ஒன்பது நிமிஷம்னு அப்புறம் சொன்னாங்க. எனக்கு ஒரு ஷிப்டு மாதிரி இருந்துச்சு.

ஆம்புலன்ஸ் வந்துச்சு. சட்டையைக் கிழிச்சு நெஞ்சுல ரெண்டு அட்டையை ஒட்டினாங்க, மிஷின் பேசிச்சு, எல்லாரும் தள்ளி நில்லுங்கன்னாங்க. ஒரு உதறு. மறுபடி அழுத்தினாங்க. இன்னொரு உதறு. தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஆளு உயிரோட இருக்காரு. கண்ணைத் திறந்துட்டாராம்.

இதோட முடிஞ்சிருந்தா உனக்குப் பெருமையா எழுதியிருப்பேன். வெள்ளிக்கிழமை அவரு சம்சாரம் பேக்கரிக்கு வந்தாங்க. மூணு விலா எலும்பு உடைஞ்சிருக்காம், நெஞ்சு நடு எலும்புல விரிசலாம். யாரோ அவங்ககிட்ட, குறட்டை விட்டுக்கிட்டு மயங்கிக் கிடந்த மனுஷனை இவ ஏறி உக்காந்து நொறுக்கிட்டான்னு சொல்லியிருக்காங்க. "மாவு பிசையுற கையை என் புருஷன் மேல வைக்க உன்னை யாரு சொன்னது?"ன்னு எல்லாரு முன்னாடியும் கேட்டாங்க. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, பரீட்சையே எழுதல, சர்டிபிகேட் இல்ல, மூச்சு வேற இருந்துச்சுங்கிறாங்க, ஏன் கை வச்சேன்னாரு. இருபத்திநாலாம் தேதி விசாரணை. அதுவரைக்கும் வகுப்புக்குப் போகக் கூடாதாம். பரீட்சைக்குப் பேரு இல்லையாம்.

இவ்வளவு பேசுறவ, அங்க ஒரு வார்த்தை பேசல. நேத்து நான் பிசைஞ்ச மாவு எழும்பல. இத்தனை வருஷத்துல இதான் முதல் தடவை. அழுத்தும்போதெல்லாம் அந்தச் சத்தம் கேக்குது.

நீ சொல்லு. அவரு மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருந்தாரா? நல்லா இருந்த மனுஷனையா நான் உடைச்சேன்? அக்காங்கிறதுக்காகச் சொல்லாதே. உள்ளதைச் சொல்லு.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

உக்காந்து படி.

உடைச்சே. சரியா உடைச்சே. ரெண்டு அங்குலம் இறங்கினா பெரியவங்க உடம்புல விலா ஒடியும். நான் அழுத்தினவங்கள்ல ஒடியாதவங்க கொஞ்சம் பேருதான். ஒடிஞ்ச விலா ஆறு வாரத்துல கூடும். ஒன்பது நிமிஷம் ரத்தம் போகாத மூளை எத்தனை வாரம் ஆனாலும் கூடாது.

மூச்சு இருந்துச்சான்னு கேட்டியே. அந்த மிஷின் இருக்கு பாரு, அது நாம சொன்னா ஷாக் குடுக்காது. ஒட்டினதும் அதுவே இதயம் எப்படித் துடிக்குதுன்னு பாக்கும். ஒழுங்கா ஓடுற இதயத்துக்கு ஷாக் குடுக்கவே விடாது. உங்க டிரைவருக்கு ரெண்டு தடவை குடுக்கச் சொல்லியிருக்கு. அப்படின்னா அவரு இதயம் ரத்தத்தைத் தள்ளாம சும்மா உதறிக்கிட்டு இருந்திருக்கு. அந்தக் குறட்டை மூச்சு இல்ல. இதை நான் தம்பிங்கிறதுக்காகச் சொல்லல. மிஷினுக்கு அக்கா தம்பி கிடையாது.

உன் லெட்டரைப் படிச்ச உடனே உங்க ஊரு ஆம்புலன்ஸ் ஆபீசுக்குப் போன் போட்டேன். அன்னிக்கு வந்த ஆளே எடுத்தாரு. "நாங்க இறங்கும்போது ரெண்டு பொம்பளைங்க மாத்தி மாத்தி அழுத்திக்கிட்டு இருந்தாங்க. ஒரு அம்மா சத்தமா எண்ணிக்கிட்டு இருந்தாங்க. நாங்க கை மாத்தினப்பகூட அவங்க எண்ணுறதை நிறுத்தல, நான் அவங்க எண்ணிக்கையிலேயே அழுத்தினேன். அதையெல்லாம் ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன். யாரு சார் அவங்க, நர்ஸா?"ன்னாரு. எங்க அக்கான்னேன்.

மூணு வருஷம் நான் இந்த வண்டியில போறேன். நாங்க போய் இறங்கும்போது ஒரு கை நெஞ்சு மேல இருந்தது ரெண்டே ரெண்டு தடவை. அதை உனக்கு எப்படிப் புரிய வைக்கிறதுன்னு தெரியல. பஸ் ஸ்டாண்டுல அறுபது பேரு நின்னாங்கக்கா. உன் வாசல்ல நீ மண்டி போட்டிருக்கே.

உங்க மேனேஜருக்கு ஒரு லெட்டர் எழுதியிருக்கேன், ரிப்போர்ட்டை எப்படிக் கேட்டு வாங்குறதுன்னும் அதுல இருக்கு. என் அதிகாரிகிட்டயும் கையெழுத்து வாங்கி அனுப்பிட்டேன். அதை மாமாகிட்டத்தான் திருத்தக் குடுத்தேன். எல்லாரும் சாப்பிட உக்காந்திருந்தோம். அவரு பேனாவைத் திறந்துக்கிட்டு, சத்தமா வாசின்னாரு. வாசிச்சேன். கடைசி வரி: "இவர் என் அக்கா. உங்கள் பேக்கரியில் இருபத்திரண்டு வருடமாக மாவு பிசைகிறார்." மாமா நிமிந்து பாத்தாரு. "சூப்பர்வைசர்னு சொன்னியே?" நான், "பொய் சொன்னேன் மாமா"ன்னேன். என் பொண்டாட்டி தட்டையே பாத்துக்கிட்டு இருந்தா.

மாமா காகிதத்தை வாங்கி முழுசாப் படிச்சாரு. திருப்பிக் குடுத்துட்டு, "எழுத்தெல்லாம் சரியா இருக்கு. ஆனா இந்த வரியை ஏன் கடைசியில கொண்டு போய் ஒளிச்சு வச்சிருக்கே? முதல் வரியில போடு"ன்னாரு.

அப்படித்தான் அனுப்பியிருக்கேன். முதல் வரியில.

தம்பி

அத்தை கேக்கச் சொன்னாங்க: நிஜமாவே எண்பது கிலோவா?


மே 3

சின்னவனே,

அத்தைகிட்டச் சொல்லு, பண்டிகை விடுமுறை வந்தா நூறைத் தாண்டும்.

விசாரணையைப் பத்தி எழுதணும். பெரிய மேசை, மேனேஜர், மேலிடத்துலேர்ந்து ரெண்டு பேரு, ஹாரன் சம்சாரம், எங்க வகுப்பு அம்மா. நெட்டச்சியை யாரும் கூப்பிடல, அவளா வந்து சுவரோரமா நின்னுக்கிட்டா. "அவ அழுத்தினதுல பாதி நான் அழுத்தினது, கேக்குறதை என்னையும் கேளுங்க"ன்னா. மேனேஜர் உன் லெட்டரை எடுத்து நின்னுக்கிட்டே வாசிச்சாரு. முதல் வரியை வாசிச்சுட்டு நிறுத்தி, என்னைப் பாத்துட்டு, மறுபடியும் அதே வரியை வாசிச்சாரு. எனக்கு எங்க பாக்குறதுன்னு தெரியல. என் கையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இடுக்குல மாவு இருந்துச்சு, சரியாக் கழுவல போல.

மிஷின் சங்கதி வந்ததும் வகுப்பு அம்மா எந்திரிச்சு அந்தக் குறட்டையைப் போட்டுக் காட்டினாங்க. மேலிடத்து ஆளு ஒருத்தரு பயந்து பேனாவைக் கீழ போட்டுட்டாரு. ஹாரன் சம்சாரம் மட்டும் அசையாம கேட்டாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, "அன்னிக்கு நான் பேசினது…"ன்னு ஆரம்பிச்சாங்க. நான், "விடுங்கம்மா, நானா இருந்தா அடிச்சே இருப்பேன்"னேன். அவங்களுக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துடுச்சு. ஹாரன் வீட்டுக்கு வந்துட்டாராம். ஒவ்வொரு தடவை இருமும்போதும் என் பேரைச் சொல்லித் திட்டுறாராம். திட்டட்டும். திட்டத் திட்டத்தான் எனக்குத் தூக்கம் நல்லா வருது.

மேனேஜர் மன்னிப்பெல்லாம் கேக்கல, அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல. "பரீட்சைக்கு வந்துடுங்க"ன்னாரு. அதுவரைக்கும் வா போன்னு பேசினவரு வாங்க போங்கன்னாரு. அது எனக்குப் போதும்.

பரீட்சை போன ஞாயித்துக்கிழமை நடந்துச்சு. வெளியூர்லேர்ந்து ஒரு டாக்டர் வந்தாரு. சுட்டுட்டா என்ன பண்ணணும், வெட்டுக்காயத்துல ரத்தம் கொட்டினா எப்படித் துணியை வச்சு அழுத்திப் புடிக்கணும், தொண்டையில அடைச்சா முதுகுல எங்க தட்டணும், எல்லாம் கேட்டாரு. சொன்னேன். நான் பதில் சொல்ல ஆரம்பிச்சா அடுப்புக்காரரு கதையெல்லாம் உள்ள வந்துடுது, டாக்டர் ரெண்டு தடவை கடிகாரத்தைப் பாத்தாரு. கடைசியா மாப்பிள்ளை. முப்பது அழுத்து, வாயில மூச்சை ரெண்டு ஊதல், இப்படி அஞ்சு சுத்து. முடிச்சு நிமிந்தா அந்த டாக்டர், "எங்க கத்துக்கிட்டீங்க இந்த அளவு? சரியா ரெண்டு அங்குலம், ஒண்ணு கூட மாறல"ன்னாரு. "மாவுல சார்"னேன். எழுதிக்கிட்டாரு.

பாஸ். நெட்டச்சியும் பாஸ். ஒரு ஷிப்டுக்கு ஒரு பட்டைதான்னு சொல்லிக்கிட்டு இருந்த மேனேஜர், ரெண்டு பட்டையைக் கொண்டு வந்து மேசை மேல வச்சுட்டுப் போயிட்டாரு. நெட்டச்சி கை குச்சி மாதிரி, பட்டை முழங்கை வரைக்கும் நழுவுது. எனக்கு இறுக்கமா இருக்கு. தையல்காரரு பாத்துட்டு ரெண்டையும் வாங்கிட்டுப் போயி அளவு சரி பண்ணிக் குடுத்தாரு. மாவு மேசையில நின்னா, உள்ள வர்றவன் போறவன் எல்லாம் முதல்ல என் கையைப் பாக்குறான். நான் பாக்காத மாதிரி பிசைவேன். பொய் சொல்ல மாட்டேன், தட்டு கழுவுற இடத்துல ஒரு கண்ணாடித் துண்டு இருக்கு. மூணு தடவை போய்ப் பாத்துட்டு வந்தேன்.

இன்னிக்கு ஆபீஸ் கிளார்க்கு கூப்பிட்டாரு. பட்டை வாங்கினவங்களுக்குப் புதுசா ஒரு பாரம் எழுதணுமாம். அவரு கேக்குறாரு, நான் சொல்றேன், அவரு எழுதுறாரு. தொழில்னு கேட்டாரு. மாவு பிசையுறதுன்னேன். ரத்தம் என்ன வகைன்னாரு, சொன்னேன். அப்புறம், "ஏதாவது அவசரம்னா யாருக்குத் தகவல் சொல்லணும்? பழைய பாரத்துல நெட்டச்சி பேரு இருக்கு. அதையே போட்டுடவா?"ன்னாரு.

"அதை அடிச்சுடுங்க. தம்பி. ஆம்புலன்ஸ்ல வேலை பாக்குறான்"னேன்.

"நம்பரு? போனை எடுத்துப் பாத்துச் சொல்லுங்க."

போனை எடுக்கல. கடகடன்னு சொன்னேன்.

"மெதுவாம்மா, எழுதுறேன்ல"ன்னாரு. முதல்லேர்ந்து, ஒவ்வொண்ணா, மறுபடியும் சொன்னேன்.

அக்கா